ஆங்கில வகுப்பில் யார், எப்போது பேசுவது? ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். புதிதாக வரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். "பசங்க வாயே திறக்க மாட்டேங்கிறாங்க" என்பதுதான் அவர்களிடமிருந்து வரும் முதல் புகார். இரண்டு நாள் அவர்கள் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால், பெரும்பாலும் எனக்குத் தெரியவருவது இதுதான்: பிள்ளைகள் வாய் திறக்க அங்கே இடமே இல்லை. கேள்வியை ஆசிரியர் கேட்கிறார். யார் பதில் சொல்வது என்பதையும் அவரே முடிவு செய்கிறார். பதில் முடிந்துவிட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். இந்த மூன்றில் ஒன்றையாவது மாணவர் கையில் எப்படிக் கொடுப்பது? அதைச் சுற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளும் நான் சொல்லிவரும் பதில்களும் இங்கே.

'முறை' என்று எதைச் சொல்கிறீர்கள்?

விளையாட்டில் "இப்போ என் முறை" என்கிறோமே, அதே முறைதான். ஒருவர் பேசத் தொடங்கி, அடுத்தவர் தொடங்கும்வரை உள்ளது அவருடைய முறை. "யெஸ்" என்ற ஒற்றைச் சொல்லும் ஒரு முறை, ஐந்து நிமிடக் கதையும் ஒரு முறை.

வகுப்புக்கு வெளியே இது தானாக நடக்கிறதே?

தானாக நடப்பதுபோலத் தெரிகிறது. அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று 1974-இல் ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் எழுதிக்காட்டினார்கள். ஒலிப்பதிவு செய்த சாதாரண உரையாடல்களை வரிவரியாக எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்தது அது. பேசிக்கொண்டிருப்பவர், பெயர் சொல்லியோ பார்வையாலோ ஒரு கேள்வியாலோ அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படித் தேர்ந்தெடுக்காவிட்டால் முந்திக்கொள்பவருக்கு முறை. யாரும் முந்தவில்லையென்றால் பேசியவரே தொடரலாம். ஒவ்வொரு வாக்கியமும் முடியும் இடத்தில் இந்த மூன்றும் மறுபடி முதலிலிருந்து வரும்.

கேட்பவர்கள் அந்த முடியும் இடத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிறார்கள். இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. தான்யா ஸ்டைவர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் பத்து மொழிகளில் 'ஆம், இல்லை' கேள்விகளுக்கு வரும் பதில்களை அளந்தார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருந்த இடைவெளி சராசரியாக 200 மில்லிவிநாடி அளவுதான். அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே தாய்மொழியில் சுமார் 600 மில்லிவிநாடி ஆகும். அப்படியென்றால் எதிராளி பேசி முடிக்கும் முன்பே நாம் நம் வாக்கியத்தைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம் என்று ஆகிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளில் என் மாணவர்களைப் பற்றிய என் எண்ணம் மாறியது. அவர்கள் இன்னொரு மொழியில் கேட்டுப் புரிந்துகொண்டு, சொல் தேடி, இலக்கணம் சேர்த்து, உச்சரிப்பையும் யோசிக்க வேண்டும். அது முடிவதற்குள் முறை இன்னொருவரிடம் போய்விடும். பதில் தெரியாமல் சும்மா இருக்கிறார்கள் என்று நாம் நினைக்கும் பலர், பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர்கள்.

வகுப்பறையில் என்ன மாறுகிறது?

மேலே சொன்ன மூன்று விதிகளில் நடு விதி கழன்றுவிடுகிறது. அலெக் மெக்ஹூல் 1978-இல் இதைத் தெளிவாக எழுதினார்: வகுப்பில் அடுத்துப் பேசப்போவது யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஆசிரியருக்கு மட்டும் இருக்கிறது. மாணவர் பேசி முடித்ததும் பந்து ஆசிரியரிடமே திரும்பி வருகிறது. மாணவர் இன்னொரு மாணவருக்கு அதைப் போடுவதில்லை.

அதற்கு மூன்று ஆண்டு முன்னால் ஜான் சின்க்ளேரும் மால்கம் கூல்ட்ஹார்டும் வகுப்பறைப் பேச்சின் அடிப்படை வடிவத்தைக் காட்டியிருந்தார்கள்: ஆசிரியர் தொடங்குவார், மாணவர் பதில் சொல்வார், ஆசிரியர் அந்தப் பதிலுக்கு ஏதாவது சொல்வார். மூன்றில் இரண்டு ஆசிரியருடையவை. மாணவருக்குக் கிடைப்பது நடு இடம் மட்டும். அவர் கேள்வி கேட்பதில்லை, பேச்சைத் தொடங்குவதில்லை, முடிப்பதில்லை, இன்னொருவர் சொன்னதற்கு எதிர்வினை காட்டுவதில்லை. வெளியே போனால் ஆங்கிலத்தில் அவர் செய்யவேண்டியிருப்பதோ இவையெல்லாம்தான். பத்து வருடம் ஆங்கிலம் படித்தவருக்குக் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க நா எழவில்லை என்றால், அவர் பத்து வருடமும் பதில் மட்டுமே சொல்லி வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் கேள்வி, பதில், 'வெரி குட்' என்று நடத்துவதே தப்பா?

இல்லை. புதிய வாக்கிய அமைப்பைப் பழக்கும்போது, உச்சரிப்பைத் திருத்தும்போது, எத்தனை பேருக்குப் புரிந்தது என்று சட்டென்று பார்க்கும்போது இந்த இறுக்கமான வடிவம்தான் வேலைக்கு ஆகும். பால் சீட்ஹவுஸ் தம் ஆய்வுகளில் வலியுறுத்துவது இதைத்தான்: பாடத்தின் நோக்கம் மாறும்போது முறை மாறும் விதமும் மாறவேண்டும். இலக்கணப் பயிற்சிக்கு ஒரு விதம், கருத்துப் பரிமாற்றத்துக்கு இன்னொரு விதம். இலக்கணப் பயிற்சிக்குரிய பிடியை அப்படியே வைத்துக்கொண்டு "இப்போது சுதந்திரமாகப் பேசுங்கள்" என்று சொல்வதில்தான் கோளாறு வருகிறது.

என் வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன். ஒருநாள் பாடத்தைக் கைபேசியில் பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்டேன். ஒரு மாணவியிடம் "வாட் டிட் யூ டூ ஆன் சண்டே?" என்று கேட்டிருக்கிறேன். "ஐ கோ டு மை கிராண்ட்மதர் ஹவுஸ்" என்கிறாள். "வென்ட். ஐ வென்ட். வெரி குட்!" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறேன். பதிவில் என் 'வெரி குட்'டுக்கு அடியில் மிக மெல்லிதாக இன்னொரு ஒலி: "பட்…". வகுப்பில் எனக்கு அது கேட்கவே இல்லை. மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். அவளேதான்.

மறுநாள் அவளிடம் போய், "நேற்று 'பட்' என்று ஏதோ ஆரம்பித்தாயே, என்னம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "பட் ஷி நாட் நோ மீ. ஷி ஃபர்காட்." பாட்டிக்கு நினைவு தவறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நடந்தது அதுதான். நான் வாங்கிக்கொண்டது 'வென்ட்' என்ற ஒரு சொல்லை.

'வெரி குட்' பாராட்டுதானே, அதில் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். ஹன்சுன் ஜாங் வாரிங் 2008-இல் எழுதிய ஆய்வு இதைப் பற்றியது. 'வெரி குட்', 'எக்ஸலண்ட்' போன்ற வெளிப்படையான பாராட்டு, 'இந்த விஷயம் முடிந்தது' என்ற அறிவிப்பாகவும் வேலை செய்கிறது. அதற்கு மேல் சந்தேகம் கேட்கவோ வேறு கருத்துச் சொல்லவோ மற்றவர்களுக்கு இடம் இல்லாமல் போகிறது. கதவைச் சிரித்த முகத்தோடு சாத்துவது போல.

அதன்பிறகு நான் மாற்றியது ஒன்றுதான். மூன்றாவது இடத்தில் மதிப்பெண் போடுவதை விட்டு, கேட்டவள் என்ற முறையில் எதையாவது சொல்கிறேன். "ஓ, ஹவ் வாஸ் ஷி?" என்று கேட்கலாம். அவள் சொன்ன கடைசிச் சொல்லையே, "யுவர் கிராண்ட்மதர்ஸ் ஹவுஸ்…" என்று இழுத்து நிறுத்தலாம். "எனிஒன் எல்ஸ்?" என்று அறையைப் பார்க்கலாம். ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டலாம். கடைசியாகச் சொன்னது பார்வைக்குச் சின்ன வேலை, செய்யத் தொடங்கினால் அதுதான் கஷ்டம்.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும்?

மூன்று விநாடி. கேட்க அற்பமாக இருக்கும். இப்போதே ஒரு கடிகாரத்தைப் பார்த்து மூன்று விநாடி சும்மா இருந்து பாருங்கள். வகுப்பின் முன்னால் நிற்கும்போது அது முப்பது விநாடி போலத் தோன்றும்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் பதிவுகளை அளந்து 1974-இல் வெளியிட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் தாங்களே சொன்னார்கள், அல்லது கேள்வியை மாற்றினார்கள், அல்லது வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அதை மூன்று விநாடி, அதற்கு மேல் என்று நீட்டியபோது பதில்கள் நீண்டன. கேட்காமலேயே பேச முன்வருபவர்கள் கூடினார்கள். பதிலே வராமல் போவது குறைந்தது. இது தாய்மொழி வகுப்பில். இரண்டாம் மொழி என்றால் ஐந்து விநாடிகூட அதிகம் இல்லை என்பது என் கருத்து.

ரோ சொன்னதில் பலர் மறந்துவிடும் இன்னொரு பாதி உண்டு. காத்திருக்கவேண்டிய இடங்கள் இரண்டு. கேள்விக்குப் பின் ஒன்று, மாணவர் பதில் சொன்னதற்குப் பின் இன்னொன்று. அந்த இரண்டாவது இடைவெளியில்தான் 'பட்' வரும், 'பிகாஸ்' வரும். முதல் வாக்கியம் பெரும்பாலும் பாதுகாப்பான வாக்கியம். சொல்ல நினைத்தது அதற்கு அடுத்ததில் இருக்கும்.

அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. என்ன செய்வது?

எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாய் தானாகத் திறந்துகொள்ளும். கைக்கு ஒரு வேலை கொடுத்தேன்: கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, மனதுக்குள் அதை மூன்று தடவை மெதுவாகப் படிப்பேன். படித்து முடிக்கும்வரை பேசக்கூடாது. அப்புறம், மாணவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: "நான் கேட்டுவிட்டு அமைதியாக இருந்தால், யோசிக்க நேரம் தருகிறேன் என்று அர்த்தம். யாரும் தப்பு செய்துவிடவில்லை." இதைச் சொல்லாவிட்டால் நம் மௌனத்தை அவர்கள் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதா, கை தூக்கச் சொல்வதா?

கை தூக்குவதை மட்டும் நம்பினால் அதே ஐந்து பேர்தான் வருவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் நம்பினால், வகுப்பு முழுக்க ஒரு பயம் படரும். நான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் கேள்வி. பிறகு காத்திருப்பு. முடிந்தால் ஒரு வரி எழுதிக்கொள்ளவோ பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கவோ ஒரு நிமிடம். பெயர் கடைசியில். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற எல்லோரும் அந்த நொடியே கேள்வியிலிருந்து விடுபட்டுவிடுவார்கள். யோசி, பக்கத்தவரிடம் சொல், பிறகு எல்லோரிடமும் சொல் என்ற இந்த ஏற்பாட்டை 1981-இல் ஃபிராங்க் லைமன் முன்வைத்தார். அது இவ்வளவு நாள் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: எல்லோர் முன்னாலும் பேசும்போது அது அந்த மாணவருக்கு இரண்டாவது தடவை. சொற்கள் ஏற்கெனவே வாயில் ஒருமுறை ஓடிவிட்டன.

கூப்பிட்டவருக்கு மறுக்கவும் வழி வேண்டும். "கேன் யூ கம் பேக் டு மீ?" என்ற வாக்கியத்தை முதல் வாரத்திலேயே சொல்லித்தந்துவிடுங்கள். அதைச் சொன்னவரிடம் மறக்காமல் திரும்பிப் போங்கள். மறந்துவிட்டால் அது தப்பிக்கும் வழியாகிவிடும்.

இரண்டு மூன்று பேர் மட்டுமே எப்போதும் பேசுகிறார்கள். அவர்களை எப்படி அடக்குவது?

அடக்க வேண்டாம். அவர்கள் இல்லாவிட்டால் பல வகுப்புகள் நகராது. அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். "அவர் சொன்னது உனக்குச் சரியாகப் படுகிறதா என்று அவரிடமே கேள்" என்று சொல்லுங்கள். நிறையப் பேசும் மாணவருக்கு ஒரு திறமை குறைவாக இருக்கும், அது முறையை இன்னொருவருக்குத் தருவது. "வாட் டு யூ திங்க்?" என்று பெயரோடு கேட்டு முடிப்பதையும் ஆங்கிலப் பாடமாகவே அவருக்கு வையுங்கள். தண்டனையாக அவர் உணரமாட்டார்.

ஆளுக்கு மூன்று காகிதத் துண்டு கொடுத்து, பேசும்போதெல்லாம் ஒன்றை நடுவில் போடச் சொல்லும் விளையாட்டைப் பலர் பரிந்துரைப்பார்கள். இரண்டு வாரத்துக்கு நல்லது. அதற்குமேல் போனால் "ஐ அக்ரீ" என்று சொல்லித் துண்டைப் போட்டுத் தீர்க்கத் தொடங்குவார்கள்.

ஒரு மாணவர் பேசவே மறுக்கிறார். கட்டாயப்படுத்தலாமா?

கட்டாயப்படுத்துவதற்கு முன் எந்தச் சூழ்நிலையில் பேச மறுக்கிறார் என்று பாருங்கள். சூசன் ஃபிலிப்ஸ் என்ற மானிடவியலாளர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் பூர்வகுடிப் பிள்ளைகளின் வகுப்புகளைக் கவனித்து 1972-இல் எழுதினார். எல்லோர் முன்னும் தனியாகக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. அதே பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே நடத்திக்கொள்ளும் குழு வேலையில் தாராளமாகப் பேசினார்கள். ஒரு தனி ஆளை நிறுத்தி, எல்லோரும் பார்க்க, தெரியுமா தெரியாதா என்று சோதிப்பது அவர்கள் வளர்ந்த விதத்துக்குப் பொருந்தவில்லை. ஆசிரியர் பார்த்ததோ வாய் பேசாத பிள்ளையை.

என் அனுபவமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு முழு பருவம் என் வகுப்பில் ஒரு வார்த்தை பேசாதவர், ஜோடி வேலையில் நான் அந்தப் பக்கம் போகாதவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் நெருங்கினால் நிறுத்துவார். நான் செய்யவேண்டியது விலகி நிற்பது. சிலருக்கு நீண்ட காலம் கேட்டுக்கொண்டே இருப்பதும் தேவைப்படும். அதையும் கற்றல் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 'அவன் அப்படித்தான்' என்று விட்டுவிடுவது வேறு, அவருக்கு ஏற்ற சூழலை மாற்றி மாற்றிப் பார்ப்பது வேறு.

மாணவர்கள் ஒருவருக்கொருவர் பேசாமல் என்னைப் பார்த்தே பேசுகிறார்கள். ஏன்?

உங்கள் கண்களால். நீங்கள் பேசுபவரையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தால், முடித்ததும் முறை உங்களுக்கு என்று அவர் எடுத்துக்கொள்கிறார். விவாதம் நடக்கும்போது நான் ஓரமாக உட்கார்ந்து நோட்டில் எழுதத் தொடங்குவேன். பேசுகிறவர் என் முகத்தைத் தேடுவார். கிடைக்காது. ஒரு கணம் தடுமாறிவிட்டு, எதிரில் இருப்பவரைப் பார்ப்பார். அந்த எதிரில் இருப்பவர் "யா, பட்…" என்று தொடங்குவார். இருக்கைகளை வட்டமாகவோ ப வடிவிலோ போட முடிந்தால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். முதுகைப் பார்த்துக்கொண்டு யாரும் உரையாட முடியாது.

ஜோடியாக, குழுவாக விட்டால் மட்டும் போதுமா?

நேரத்தைக் கணக்குப் போட்டால் கட்டாயம் தேவை என்று தெரியும். 45 நிமிட வகுப்பு, 40 பேர். பாதி நேரம் நீங்கள் பேசினால் மீதி 1,350 விநாடி. ஆளுக்கு 34 விநாடிகூட வராது. அதே வகுப்பில் பத்து நிமிடம் ஜோடியாகப் பேச விட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம்.

ஆனால் விட்டால் மட்டும் போதாது. "இதைப் பற்றிப் பேசுங்கள்" என்றால் ஒருவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குத் தெரியாத ஒரு துண்டுத் தகவல் இருக்கவேண்டும். சின்னச் சின்ன வித்தியாசங்கள் உள்ள இரண்டு படங்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, காட்டாமலேயே வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் பேசி அதை முடிக்கவே முடியாது. கேள்வி கேட்கவேண்டும், "வெயிட், வேர்?" என்று குறுக்கிடவேண்டும், "நோ, மைன் இஸ் ரெட்" என்று மறுக்கவேண்டும். நான் மேலே மாணவருக்குக் கிடைப்பதில்லை என்று சொன்ன எல்லா இடங்களும் இந்த ஒரு பயிற்சியில் கிடைத்துவிடும்.

அப்போது தாய்மொழியில் பேசிவிடுகிறார்களே?

கொஞ்சம் பேசுவார்கள். வேலையைப் புரிந்துகொள்ளவும் சொல் கேட்கவும் அது உதவுகிறது. முழுக்கவே மாறிவிட்டது என்றால் வேலை அவர்கள் ஆங்கிலத்துக்கு மீறியதாக இருக்கிறது, தேவையான வாக்கியங்களைப் பலகையில் முதலில் எழுதிப்போடுங்கள்.

பேசும்போது தவறு வந்தால் உடனே திருத்தலாமா?

திருத்தம் என்பதும் முறையை எடுத்துக்கொள்வதுதான், அதை மறக்கக்கூடாது. ராய் லிஸ்டரும் லீலா ரான்டாவும் 1997-இல் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பற்றி எழுதிய ஆய்வு ஆங்கில வகுப்புக்கும் அப்படியே பொருந்தும். தவறைச் சுட்டாமல் சரியான வடிவத்தை ஆசிரியரே திருப்பிச் சொல்லிவிடுவது, கிடைத்த திருத்தங்களில் பாதிக்கு மேல். மாணவர் அதைக் கவனித்து ஏதாவது செய்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தடவைதான். "நீயே சொல்லிப்பார்" என்று வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி அவரிடமே விட்டபோது ஒவ்வொரு தடவையும் மாணவரிடமிருந்து ஏதோ ஒரு எதிர்வினை வந்தது.

நான் பின்பற்றுவது இது: இலக்கணப் பயிற்சியில் உடனே நிறுத்துவேன், "ஐ…?" என்று இழுத்து அவரையே திருத்த வைப்பேன். கதை, கருத்து, அனுபவம் சொல்லும்போது தவறுகளை நோட்டில் எழுதிக்கொள்வேன், கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் போடுவேன். புரியாமல் போனால் மட்டும் இடையில் கேட்பேன். அதுவும் புரியாத ஒரு ஆள் கேட்பதுபோல.

ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசினால் கண்டிக்கவேண்டாமா?

எல்லா ஒலியும் குறுக்கீடு இல்லை. "ம்ம்", "யா", "ரியலி?" என்பவை கேட்பவர் செய்யும் வேலை. பேசுபவரைத் தொடரச் சொல்வதற்காக வருபவை. "ஒருவர் பேசும்போது மற்றவர் மூச்சு விடக்கூடாது" என்று வளர்க்கப்பட்ட மாணவர், ஆங்கிலத்தில் ஒருவர் பேசும்போது கல்லுபோல உட்கார்ந்திருப்பார். எதிரில் இருப்பவருக்கு அவர் கேட்கிறாரா என்றே சந்தேகம் வரும். கேலி செய்வது, பேச்சைப் பிடுங்குவது, இரண்டையும் கண்டியுங்கள். மற்றதை விடுங்கள்.

முறை எடுப்பதையே பாடமாக நடத்த முடியுமா?

முடியும், நடத்தவும் வேண்டும். மொழித் திறனைப் படிப்படியான நிலைகளாகப் பிரித்துக் காட்டும், 2001-இல் வெளியான மொழிகளுக்கான ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தில் இதற்குத் தனி அளவுகோலே இருக்கிறது. பி1 என்னும் இடைநிலையில் உள்ளவர், தெரிந்த விஷயத்தைப் பற்றிய பேச்சில் பொருத்தமான ஒரு தொடரைச் சொல்லி உள்ளே நுழையத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்கிறது. கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வுகளின் பேச்சுப் பகுதியில் இருவரைச் சேர்த்து உட்காரவைத்து, ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் தருகிறார்கள்.

நுழைய: "கேன் ஐ சே சம்திங் ஹியர்?" பிடித்துவைக்க: "லெட் மீ திங்க்", "சாரி, கேன் ஐ ஃபினிஷ்?" கொடுக்க: "வாட் அபவுட் யூ?" இவை மட்டும் போதும் தொடங்க. இவற்றில் 'லெட் மீ திங்க்' எனக்கு மிகவும் பிடித்தது. நான் முன்னால் சொன்ன அந்த 200 மில்லிவிநாடிக் கதவை அது காலால் தடுத்து நிறுத்துகிறது. யோசிக்கத் தேவையான நேரத்தை மாணவரே ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

பழக்குவதற்கு மூன்று பேர் கொண்ட குழு போதும். ஒருவர் நிறுத்தாமல் பேசவேண்டும். இன்னொருவர் கத்தாமல், சரியான இடம் பார்த்து உள்ளே நுழையவேண்டும். மூன்றாமவர் எந்த இடத்தில் நுழைந்தார், எப்படி நுழைந்தார் என்று குறிக்கவேண்டும். இரண்டாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்: பேசுபவர் மூச்சு வாங்கும் இடம், குரல் இறங்கும் இடம், முன்னால் சாய்ந்து "ஸோ…" என்று தொடங்கினால் எதிராளி விட்டுக்கொடுக்கும் அதிசயம்.

இணையவழி வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள்.

குற்றம் மாணவர்களுடையது இல்லை, தாமதத்தினுடையது. குரல் தொடர்பில் ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்த எல்லைக்குள் இருந்தாலும் போய்வர 300 வரை ஆகும். சாதாரணப் பேச்சின் இடைவெளியே 200 என்னும்போது, சரியான நேரத்தில் தொடங்கியவரும் தாமதமாகத்தான் போய்ச் சேருவார். அதனால் அங்கே பெயர் சொல்லிக் கொடுப்பது அவசியம். பேசி முடித்தவரே அடுத்தவர் பெயரைச் சொல்லட்டும். அரட்டைப் பெட்டியில் எல்லோரும் பதிலை எழுதிவிட்டு, நீங்கள் சொல்லும் வரை அனுப்பாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் முப்பது முறைகள் திரையில் வந்து விழும், யாரும் யாரையும் முந்துவதில்லை.

என் வகுப்பில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாணவர்களிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் மட்டும் பதிவு செய்யுங்கள். முழு வகுப்பு வேண்டாம், கேட்க நேரம் இருக்காது. முதல் தடவை கேட்கும்போது உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது. அதைப் பொருட்படுத்தாதீர்கள். இரண்டாவது தடவை ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே கேளுங்கள்: என் முறைகள் எத்தனை, அவர்களுடையவை எத்தனை. மாணவர் மாணவருக்குப் பதில் சொன்னது எத்தனை தடவை. மாணவர் கேட்ட கேள்விகள் எத்தனை. என்னுடைய முதல் பதிவில் கடைசி இரண்டு எண்களும் பூஜ்யம்.

மூன்றாவது தடவை கேட்கும்போது எண்ண வேண்டாம். நீங்கள் 'குட்' சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் சத்தத்தைக் கூட்டி, அதற்கு அடியில் வேறு குரல் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் அது யாருடையது என்று பெயரைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அவரிடம் போய்க் கேளுங்கள்.